கடல்காத்துக்கு கேரண்டி கிடையாதாம்: ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் வாங்கிய கதையும் பழுது பார்த்த கதையும்

3 ஆகஸ்ட் 2025 (கேள்வி)

மண்டபத்தில் வீடு. மே மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பையனுக்கு 26 இஞ்ச் கியர் சைக்கிள் எடுத்தேன். இப்போதே செயின் செங்காவி நிறத்தில் இருக்கிறது. பின் பிரேக்கைப் பிடித்தால் பிடித்தபடியே நிற்கிறது. பையன் வளர்ந்துவிட்டான் என்று சீட்டை ஏற்றப் பார்த்தால் இம்மியும் அசையவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "கடல்காத்துக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார்" என்று கையை விரிக்கிறார்கள். இது நியாயமா? பேசாமல் ஆன்லைனிலேயே வாங்கியிருக்கலாமோ?

3 ஆகஸ்ட், இரவு (பதில்)

கடல் என்ன நேற்றா வந்தது? கடை வைத்திருப்பவரும் இதே ஜில்லாக்காரர்தானே. துரு பிடிக்கும் என்று விற்கும்போதே தெரியும். தெரிந்தும் சீட்டுக் கம்பியில் ஒரு விரல் கிரீஸ் தடவாமல் தலையில் கட்டிவிட்டு, அப்புறம் கடலைக் கை காட்டுகிறார்கள்.

கேரண்டி இல்லை என்பது பாதி சரி. வாரண்டி என்று கம்பெனி எழுதித் தருவது பெரும்பாலும் ஃபிரேமுக்குத்தான். துருவையும் டயர் டியூப்பையும் அதில் சேர்க்க மாட்டார்கள். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. கியர் சைக்கிள் அட்டைப் பெட்டியில் வரும்போது முழுசாக வராது. முன் சக்கரம், ஹேண்டில், பெடல், சீட் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். பூட்டிக் கொடுப்பது கடை. பூட்டும்போது எங்கே கிரீஸ் வைத்தார்கள், எங்கே சும்மா முறுக்கினார்கள் என்பது எந்தக் கார்டிலும் இருக்காது. இந்தக் கரையில் சைக்கிளின் ஆயுசு அதில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், அவ்வளவுதான். பூட்ட ஆளைத் தேடி நீங்கள் அலைய வேண்டும்.

4 ஆகஸ்ட்

சீட்டு விஷயம். முதலில் ஒரு காந்தத்தை எடுத்து ஃபிரேமிலும் வையுங்கள், சீட்டுக் கம்பியிலும் வையுங்கள். ஒன்றில் ஒட்டி இன்னொன்றில் ஒட்டவில்லை என்றால் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இடுக்கை அடைத்துக்கொள்ளும். இரண்டுமே இரும்பு என்றால் வெறும் துருதான், அதைக் கழற்றுவது சுலபம்.

சுத்தியலை எடுக்காதீர்கள். சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முழுசாகத் தளர்த்தி, கம்பியைச் சுற்றித் துரு இளக்கும் ஆயிலை விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வராது, திருப்பினால்தான் விடும். வந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் துடைத்து, கிரீஸ் தடவி இறக்குங்கள். மாதம் ஒருமுறை கழற்றி மாட்டினால் அந்தப் பிரச்சினையே இல்லை.

4 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

பிரேக் விடாததற்கு ஸ்பிரிங் காரணமாக இருக்காது. உறைக்குள் ஓடும் ஒயர் துரு ஏறி உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும். உள் ஒயர், வெளி உறை இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், கையைக் கடிக்கிற செலவு இல்லை. ஒயரை மட்டும் மாற்றி உறையை விட்டால் வாடை காலத்துக்குள் திரும்பக் கடைக்குப் போவீர்கள்.

10 ஆகஸ்ட்

என் பங்குக்கு ஒரு கதை. உச்சிப்புளியில் இருக்கிறேன், மகளுக்கு டியூஷன் போக சைக்கிள் வாங்கினோம். கடை பெரிய கடை, கண்ணாடி முகப்பு, ஏசி. பூட்டிக் கொடுத்தது பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு. பத்து நிமிஷத்தில் முடித்தான். நானும் கெட்டிக்காரப் பையன் என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

சில நாளில் இடது பெடல் ஆட ஆரம்பித்தது. ஸ்டேஷன் பக்கம் போகும்போது பெடல் கழன்று ரோட்டில் விழ, மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

கடையில் சொன்ன பதில்: "பிள்ளை வேகமா மிதிச்சிருக்கும் சார்." சைக்கிளை மிதிக்காமல் பிறகு வணங்கவா வாங்கினோம்?

நடந்தது இதுதான். இடது பெடலின் மரை தலைகீழ் மரை. வலது பெடல் வழக்கமான திசையில் இறுகும், இடது பெடல் எதிர்த் திசையில் இறுகும். மிதிக்க மிதிக்கக் கழன்று வரக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று அடித்தே இருக்கும். அந்தத் தம்பி கையால் நாலு சுற்று நேராக ஏறுகிறதா என்று பார்க்காமல், கோணலாக வைத்து ஸ்பேனரைப் போட்டு முறுக்கிவிட்டான். பெடல் அச்சு இரும்பு, பெடலை மாட்டும் கை, அதாவது கிராங்க், அலுமினியம். எது தோற்கும்? கிராங்கின் மரை அத்தனையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. மரை போன கிராங்கில் எந்தப் பெடலும் நிற்காது.

பாதி விலைக்கு கிராங்க் மாற்றித் தருகிறோம் என்றார்கள். முழுக்க இலவசமாக மாற்றி வாங்காமல் கடையை விட்டு நகரவில்லை. பில் இருந்தது, பில்லில் ஃபிரேம் நம்பர் இருந்தது, அதனால் பேச முடிந்தது.

11 ஆகஸ்ட்

கடைப் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி இப்போது அங்கே இல்லை, செல்போன் கடைக்குப் போய்விட்டான் என்று கேள்வி. அவன் போனதோடு அந்தக் கடையின் குறையும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். எந்தக் கடையானாலும் இதைச் செய்யுங்கள்: பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிற்க வேண்டாம் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

17 ஆகஸ்ட்

பெரிய கடையைத் திட்டியாயிற்று. வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் பாய் என்போம். போர்டு கிடையாது, பில் கிடையாது.

எங்கள் பக்கம் பஞ்சர் என்றால் பத்துக்கு ஒன்பது சீமைக் கருவேல முள். மகள் சைக்கிளைக் கொண்டுபோனேன். டியூப்பை உருவிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முழுக்கி, விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் ஊசிமுனை போலக் குமிழி வந்தது. ஊதா பென்சிலால் வட்டம் போட்டார். எல்லாரும் இதைச் செய்வார்கள். அப்புறம் செய்ததுதான் வித்தை. டப்பாவிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்பக்கம் மெதுவாக ஓட்டினார். பஞ்சு ஓர் இடத்தில் மாட்டியது. அங்கே நோஸ் பிளையரை விட்டு முள்ளை இழுத்தார், நகக்கண் அளவுகூட இல்லை. "விரலால தேடுனா விரல்ல ஏறும் தம்பி. பஞ்சுக்கு வலிக்காது" என்றார். இன்னும் ஓட்டினார், இன்னொரு முள் கிடைத்தது. அது டியூப்பை இன்னும் தொட்டிருக்கவில்லை.

உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு ஒரு பீடி பற்ற வைத்தார். அவசரமாகப் போக வேண்டும் என்றேன். காதில் வாங்கவே இல்லை. சொல்யூஷன் காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டுமாம். ஈரத்தோடு வைத்தால் ரோடு சூட்டில் வழுக்கி நகரும். டவுனில் ஒட்டிய பஞ்சர் ஏன் வாரத்துக்குள் திரும்ப இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

காற்று இறங்கினாலே பஞ்சர் என்று நினைக்க வேண்டாம். பழைய மாதிரி வால்வு என்றால் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் ரப்பர் வெயிலில் இற்றுப்போயிருக்கிறது. பாய் அதற்குக் காசே வாங்குவதில்லை.

18 ஆகஸ்ட்

"அந்தப் பாய் எந்த மரத்தடி?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உச்சிப்புளியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கவலையோடு நில்லுங்கள். யாராவது வழி சொல்வார்கள்.

30 ஆகஸ்ட்

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மீன் எடுத்து ஊருக்குள் விற்கப் போகிறவர்கள் முக்கால்வாசி மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். சைக்கிளில் போகிற சிலரின் பின் சக்கரத்தைப் பார்த்தால் இந்தக் கடல்காத்துப் பேச்சின் லட்சணம் தெரியும். காற்று செய்வதைவிடப் பெட்டித் தண்ணீர் செய்வது அதிகம். கேரியரில் மீன் பெட்டி, உள்ளே ஐஸ். உருகிய தண்ணீர் உப்போடும் மீன் ரத்தத்தோடும் சொட்டுச் சொட்டாக ரிம்மில் விழுகிறது. போக்ஸ் கம்பி நடுவில் நன்றாகவே இருக்கும். ரிம்மைத் தொடும் இடத்தில் கம்பியைப் பிடிக்கும் சின்ன நட்டு, நிப்பிள் என்பார்கள், அது மட்டும் இறுகிப் பொரிந்திருக்கும். பெண்டு எடுக்கலாம் என்று நிப்பிளைத் திருகினால் கம்பிதான் முறிகிறது. அதற்குப் பயந்தே பல கடைகளில் மீன் சைக்கிளுக்குப் பெண்டு எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு பெரியவர் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, பழைய டியூப் துண்டைச் செருகி, தண்ணீர் சக்கரத்தில் படாமல் ஓரமாகத் தரையில் விழும்படி செய்திருந்தார். நிப்பிள் ஒவ்வொன்றிலும் கிரீஸ் அப்பியிருந்தார். அவர் பின் சக்கரம் இன்னும் நேராக ஓடுகிறது. எந்தக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது என்றேன். "கடைக்காரன் சொன்னா அவனுக்கு என்ன பொழப்பு?" என்றார்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போதுதான் இவர்கள் சைக்கிளை ஓவராயிலுக்கு விடுவார்கள். பழைய பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போட்டுவிட்டு ஓவராயில் என்று காசு வாங்கும் ஆட்களும் உண்டு. கழற்றிய பால்ரஸைக் கையில் கேளுங்கள். கடை மாற்றியிருந்தால் பழசைக் கொடுக்க என்ன தயக்கம்?

6 செப்டம்பர்

செயினுக்கு என்ன ஆயில்? இதில் ஆளாளுக்கு ஒரு வேதம் வைத்திருக்கிறார்கள். பைக்கில் வடித்த கழிவு ஆயில் போதும் என்று ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தனுஷ்கோடி ரோட்டில் ஓட்டுகிறவர். அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் காற்றோடு பறக்கும் மணல். கழிவு ஆயிலில் ஏற்கெனவே கரியும் இரும்புத் துகளும் இருக்கும், அதில் மணலும் சேர்ந்தால் செயினை நாமே அரம் போட்டு ராவின கணக்கு. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசின் கட்டிவிடும். தையல் மிஷின் ஆயில் சீக்கிரம் போய்விடும், ஆனால் அழுக்கு சேர்க்காது, வாரம் ஒருமுறை விட்டால் போதும். விட்ட பிறகு வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும், ஆயில் தேவைப்படுவது உருளைக்கு உள்ளேதான்.

செயின் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால் நம்பவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னை (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்து, அடுத்ததை ஒன்று என்று எண்ணினால், 24-ஆவது பின் சரியாக 12 இஞ்சில் நிற்கும். 12 இஞ்சைத் தாண்டி அரைக்கால் இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் கடைக்காரர் சொல்வது உண்மை. இதை அளந்து காட்டிய பிறகு எங்கள் ஊர்க் கடையில் என்னிடம் "சார்" போட்டுப் பேசுகிறார்கள்.

14 செப்டம்பர்

ஆடிக் காற்று முடிந்துவிட்டதே, பாம்பன் பாலத்தில் சைக்கிளில் போகலாமா என்று கேள்வி. போகலாம், ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், 1988-இல் திறந்தது. பக்கவாட்டுக் காற்று எந்த மாதமும் உண்டு. காற்றைவிட, ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க வண்டியை ஓரங்கட்டி, பார்க்காமல் கதவைத் திறப்பவர்களைப் பார்த்துப் போங்கள். முன் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு ஏறவும்.

23 செப்டம்பர்

நேற்று முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வாங்க இருப்பவர்கள் பில்லில் என்ன சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "பழைய ஸ்டாக்" என்று ஆரம்பித்தால், வரி நீங்கள் வாங்குகிற தேதிக்குத்தான், கடைக்குச் சரக்கு வந்த தேதிக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்க வேண்டாம். பில்லில் ஃபிரேம் நம்பரும் வாரண்டி கார்டில் கடை முத்திரையும் இருந்தால்தான் நாளைக்கு வாய் திறக்கலாம். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. ஒரு செயினுக்காக அங்கே போகச் சொல்லவில்லை. போக முடியும் என்று தெரிந்தவர் கடையில் பேசுகிற தோரணையே வேறு.

12 அக்டோபர்

இரண்டு மாதம் முன்பு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைக்காரர்கள் மேல் கொஞ்சம் அதிகமாகவே காட்டம்.

போன வாரம் ராமநாதபுரத்தில் வேறொரு கடையில் மழைக்கு ஒதுங்கி ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருந்தது. முதலாளி வயசானவர், ஒரே ஒரு மெக்கானிக். இருந்த நேரத்தில் விற்றது ஒரு குழந்தை சைக்கிள். வந்தவர்களில் பாதிப் பேர் ஆன்லைனில் வாங்கிய பெட்டியைத் தூக்கி வந்து, பூட்டிக் கொடுக்க எவ்வளவு என்று கேட்டு, சொன்ன கூலியில் பாதிக்கு இறங்கச் சொன்னார்கள். பல்லாயிரம் கொடுத்துச் சைக்கிள் வாங்குகிறார்கள், பூட்டுகிறவனுக்குக் கூலி என்றால் மட்டும் மனசு வரவில்லை. யானை வாங்கப் பணம் இருக்கிறது, அங்குசம் வாங்க இல்லை.

"கிரீஸ் வெச்சு பூட்ட ஒரு மணி நேரம் ஆகும் சார். யாரு அதுக்குக் காசு தர்றா?" என்றார் முதலாளி. பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது என் கட்சி இது: கிரீஸ் வைத்துப் பூட்டுவதற்குத் தனியாக ஒரு கூலி பேசுங்கள், கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகும் துரு பிடித்தால் அப்போது சண்டை போடலாம். கேள்வி கேட்ட மண்டபத்துக்காரருக்கு மட்டும் இது பொருந்தாது. அவரிடம் "ஃபுல் ஃபிட்டிங்" என்று பில்லிலேயே எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள், படம் அனுப்பியிருந்தார்.

13 அக்டோபர்

பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளும் அப்படி அரைகுறையாகப் பூட்டியதுதானா என்று ஒருவர் கேட்கிறார். கொடுத்த அன்று சாயங்காலம் பாய் கடையில் நின்று பார்த்தால் தெரியும். வரிசையாக நிற்கும், நட்டு முறுக்க, பெண்டு எடுக்க. பாய்க்கு அதுதான் தீபாவளி. அவர் கொண்டாடுவது ரம்ஜான் என்பது வேறு விஷயம்.

9 நவம்பர்

டயர் வாங்குகிறவர்களுக்கு. 26 இஞ்ச் என்று கேட்டு வாங்கிய டயர் ரிம்மில் ஏறவே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தொண்டியிலிருந்து ஒருவர். ஏமாற்றியிருக்க மாட்டார். 26 என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அளவு இருக்கிறது. பழைய லேடீஸ் சைக்கிளில் வரும் 26, 1⅜ டயரின் ஓரத்தில் 37-590 என்று சின்னதாக இருக்கும். கியர் சைக்கிளின் தடித்த டயரில் கடைசி எண் 559. முதலில் உள்ள எண் அகலம், கடைசி எண் ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். கடைசி எண் மாறினால் உலகத்தில் யார் வந்தாலும் ஏற்ற முடியாது. பெரிய 28, 1½ டயருக்கு அது 635. 29 இஞ்ச் என்று இப்போது விற்பதும் 700சி என்பதும் 622. பழைய டயரைக் கையோடு கொண்டுபோங்கள், இஞ்ச்சை வாயால் சொல்ல வேண்டாம்.

7 டிசம்பர்

மண்டபத்துக்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். பில்லைக் காட்டி "ஃபுல் ஃபிட்டிங்" என்ற வரியைப் படித்துக் காட்டினாராம். பிரேக் ஒயரும் உறையும் இலவசமாக மாற்றி, சீட்டுக் கம்பியை அவர்களே கழற்றி கிரீஸ் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். செயினுக்கு மட்டும் காசு. அது சரிதான், செயின் தேய்கிற சாமான். பையன் அதற்குள் இன்னும் வளர்ந்துவிட்டானாம், சீட்டுக் கம்பி, அதில் அடித்திருக்கும் கடைசிக் கோடு வரை ஏறிவிட்டது. அந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றினால் ஃபிரேம் விரிசல் விடும், ஏற்றாதீர்கள். அடுத்த அளவு சைக்கிள்தான்.

14 டிசம்பர்

அப்பாவின் பழைய அட்லஸ் சைக்கிளை எடுத்து ஓட்டலாம் என்று இருக்கிறேன். அந்தக் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடினார்கள், உலக சைக்கிள் தினத்தன்று. நல்ல நாள் பார்த்தார்கள். கம்பெனி சாமான் இல்லாவிட்டாலும் லூதியானாவில் செய்யும் சாமான் பெரும்பாலும் பொருந்துகிறது என்கிறார் பாய். கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு ஆணி, காட்டர் பின், இரண்டு வேண்டும். ராமநாதபுரத்தில் கேட்டால் இந்தக் காலத்துப் பையன்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் பழைய கடைகளில் யாராவது பார்த்தால் எழுதுங்கள். தடிமன் எவ்வளவு என்று பாயிடம் கேட்டுச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.